தோளுக்குத் துணை

கோயமுத்தூர்ச் சீமையில் மோட்டார் தொடாத வேலை குறைவு. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகு, கிணற்றில் கவலை இறைத்த மாடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்வு கிடைத்தது. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். 1955இல் பி.சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். வீட்டுப் பெண்களின் தோளிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது. சோமனூரிலும் பல்லடத்திலும் தறிகள் மின்சாரத்தில் ஓடின. கணபதிப் பக்கம் போனால் பம்ப்செட் உதிரிப்பாகம் செய்யும் பட்டறைச் சத்தம் கேட்காத வீதியைத் தேட வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்த ஆள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு.

இந்த மண்ணில்தான் 1996 முதல் 2022 வரை என் சக்கர நாற்காலி மனிதக் கையாலேயே நகர்ந்தது. வீட்டில் யாராவது தள்ளினார்கள்; யாரும் இல்லாதபோது நான் தள்ளினேன். அந்தக் காலத்தையும் அதற்குப் பிறகு வந்த காலத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத வேண்டுமென்று தோன்றியது. அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் இருபது வயதுப் பையன்களை இன்றும் பார்க்கிறேன். அவர்கள் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் எனக்கு மிகத் தாமதமாகத்தான் கிடைத்தன.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். 1996 கோடையில் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. அந்தக் காலத்தில் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே பலகைக் கல்லின் மேல் உட்கார வைத்திருப்போம். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்க வேண்டும். புட்வால்வு பார்க்க இறங்கினேன். படிக்கல் ஒன்று பெயர்ந்துகொண்டது. முதுகெலும்பில் மார்புப் பகுதியின் கடைசிக் கணு நொறுங்கியது. கால்கள் அதோடு நின்றன. சிறுநீரும் மலமும் என் சொல்லுக்குக் கட்டுப்படாமல் போயின. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "கையாச்சும் தப்பிச்சுதே சாமி" என்று அம்மா சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த நாற்காலி, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்த்திருக்கும் அதே மடக்கு நாற்காலி. இரும்புக் குழாய், ரெக்ஸின் துணி, பின்னால் தள்ளுவதற்கு இரண்டு கைப்பிடி. ஏறத்தாழ இருபது கிலோ. என் உடம்பின் அளவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உட்கார்ந்தால் இடுப்பின் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சும். சக்கரத்தை எட்டிப் பிடிக்கத் தோளை அகட்ட வேண்டும். நாற்காலி அளவு தப்பினால் தோள் கெடும் என்பதை அப்போது எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

தோட்டத்துத் தரை செம்மண். இடையிடையே கல். மழை பெய்தால் சக்கரத்தின் பாதி உயரத்துக்குச் சேறு. பெரிய சக்கரம் எப்படியோ உருளும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம்தான் மண்ணில் புதைந்து நிற்கும். அதனால் தம்பி என்னைத் திருப்பி வைத்து, பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போவான். எங்கே போனாலும் போகிற இடம் எனக்கு முதுகுப் பக்கம் இருக்கும். தோட்டத்து வீடான சாளையிலிருந்து தார்ச்சாலைக்கு வருவதற்குள் அவன் சட்டை நனைந்துவிடும்.

அந்த நாட்களில் எனக்கு வலித்தது தூரமோ மேடோ அல்ல. கேட்பது. தலைக்கு எண்ணெய் வாங்கவா, பேப்பர் பார்க்கவா, பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்கா, எதற்கும் ஒரு ஆளைக் கேட்க வேண்டும். "இதா வந்துட்டனுங்ண்ணா" என்பான் தம்பி. "அஞ்சு நிமிஷமுங்க மாமா" என்பான் அக்கா மகன். அவர்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மறுக்காதவர்களிடம் கேட்பதுதான் மிகக் கடினம். அவர்கள் எந்த வேலையைப் போட்டுவிட்டு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பாதி ஆசைகளை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. 'வெளியே போகப் பிடிக்காதவன்' என்று உறவுக்குள் பெயர் வந்தது. அந்தப் பெயரை மறுத்துப் பேசினால் மறுபடியும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு நகரத்துக்கு வந்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து எஸ்.டி.டி. பூத் ஒதுக்கிய காலம் அது. வடவள்ளியில் ஒரு சின்ன அறையில் மஞ்சள் பலகை மாட்டி உட்கார்ந்தேன். ஊரெல்லாம் என்னிடம் வந்து உலகத்தோடு பேசிவிட்டுப் போனது. செல்போன் வந்து பூத்தை மூடியதும் ஜெராக்ஸ் மெஷின் வாங்கினேன். இப்போது ஆன்லைன் விண்ணப்பங்களும் செய்து தருகிறேன். தொழில் மூன்று தடவை மாறியது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே என்னை இன்னொரு கை தள்ளிக்கொண்டு போவது மட்டும் மாறவில்லை. தம்பியின் கை போய் என் மனைவியின் கை வந்தது, அவ்வளவுதான்.

இடையில் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் வந்தது. அதன் பிறகு பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் வந்தது. இரண்டுக்கும் நான் நன்றியுள்ளவன். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோரை வேலைக்குக் கொண்டு போனது அந்த ஸ்கூட்டர்தான். ஆனால் முதுகெலும்பு அடிபட்டவனுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாற்காலியிலிருந்து ஸ்கூட்டருக்குக் கையை ஊன்றித் தாவ வேண்டும். தாவிய பிறகு நாற்காலி வீட்டிலேயே நின்றுவிடும். மருந்துக்கடை வாசல் வரை போவேன். உள்ளே போக முடியாது. வண்டியில் உட்கார்ந்தபடியே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கடைக்காரர் வெளியே வந்து என்ன வேண்டுமென்று கேட்டு, எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார். வங்கியில் என் படிவத்தைக் காவலாளி வாங்கிக்கொண்டு உள்ளே போவார். கண் முன்னால் ஊர் இருக்கும். நான் எப்போதும் அதன் வாசலில் இருப்பேன்.

அதனால் நாற்காலியில் போக முடிகிற இடத்துக்கெல்லாம் கையாலேயே தள்ளிக்கொண்டு போனேன். இங்கேதான் தோளின் கதை வருகிறது.

தோள்மூட்டு எட்டிப் பிடிக்கவும் சுழலவும் அமைந்தது. இடுப்பு மூட்டைப் போல ஆழமான குழி அதற்குக் கிடையாது. மேலோட்டமான கிண்ணத்தில் எலும்புப் பந்து நிற்கிறது. அதை இடத்தில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள தசைநார்கள். உடம்பின் எடையை நாளெல்லாம் தாங்குவதற்காக அமையாத அந்த மூட்டில்தான் எங்கள் வாழ்க்கை முழுவதும் தொங்குகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, படுக்கைப்புண் வராமலிருக்க அடிக்கடி இருக்கையிலிருந்து எழும்பி, எல்லாவற்றுக்கும் தோள். அதற்கு மேல் சக்கரம் தள்ளுவது.

தள்ளுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வழவழப்பான சமதளத் தரையில் ஒன்றிரண்டு கிலோ இழுக்கிற பலம் போதும். விதிப்படி கட்டிய சாய்தளம் 12 அடிக்கு 1 அடி ஏறும். அதில் 7.5 கிலோ அளவுக்கு விடாமல் தள்ள வேண்டும். கையை எடுத்தால் பின்னால் உருளும். இடமில்லை என்று சொல்லி 6 அடிக்கு 1 அடி என்று கட்டிய சாய்தளம் எத்தனையோ அலுவலகங்களில் உண்டு. அங்கே அது 15 கிலோ. ஒரு கட்டடத்துக்குள் நுழைகிற விலை இது.

2005இல் அமெரிக்காவில் முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கான மருத்துவர் குழு ஒன்று, கைகளைக் காப்பதற்கென்றே வழிகாட்டி நூல் வெளியிட்டது. சக்கரத்தை நீளமாக, மென்மையாகத் தள்ளுங்கள். தள்ளும் தடவைகளைக் குறையுங்கள். நாற்காலி இலகுவாகவும் உடம்பின் அளவுக்கும் இருக்கட்டும். தோள் கெடும் அபாயம் உள்ளவர்களுக்கு மோட்டார் துணையை யோசியுங்கள் என்பது அதன் சாரம். அது வெளிவந்த வருஷம் நான் இருபது கிலோ இரும்பு நாற்காலியை வடவள்ளி வீதிகளில் முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். "நல்ல உடற்பயிற்சிங்க" என்றார்கள்.

2015 வாக்கில் இரவில் வலது பக்கம் படுக்க முடியாமல் போயிற்று. அலமாரியின் மேல்தட்டை எட்ட முடியவில்லை. சட்டையின் கைக்குள் கையை நுழைப்பதே வேலையாயிற்று. ஒருநாள் கட்டிலுக்குத் தாவும்போது தோள் பாதியில் விட்டுவிட்டது. மனைவி தாங்கிப் பிடித்தார். அன்று இரவு இருவரும் தூங்கவில்லை. காலை இழந்தவனுக்குத் தோள்தான் கால். அதுவும் போனால், என்னைத் தூக்கி வைக்க ஒரு ஆள் இல்லாமல் கட்டிலை விட்டு இறங்கவே முடியாது. ஓய்வு கொடுங்கள் என்றார் மருத்துவர். காலில் அடிபட்டவன் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். என் தோளுக்கு ஓய்வு என்றால் என் முழு வாழ்க்கைக்கும் ஓய்வு.

உட்கார்ந்தவரே நகர்த்தும் நாற்காலி உலகத்துக்குப் புதிதல்ல. 1655இலேயே ஜெர்மனியின் நியூரம்பர்க் பக்கத்துக் கடிகாரக் கைவினைஞர் ஸ்டெஃபான் ஃபார்ஃப்ளர் தனக்காகக் கையால் சுற்றும் மூன்று சக்கர நாற்காலி செய்துகொண்டார். அமெரிக்காவில் சுரங்க விபத்தில் முதுகெலும்பு அடிபட்ட பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்ட்டும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1933இல் செய்த மடக்கு நாற்காலிதான் எங்கள் வீட்டுக்கு வந்த நாற்காலியின் மூதாதை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காகக் கனடாவில் ஜார்ஜ் கிளைன் மின்சார நாற்காலியை உருவாக்கினார். ஆனால் முழு மின்சார நாற்காலி கனமானது. ஆட்டோவில் ஏற்ற முடியாது. வாசலில் இரண்டு படி இருந்தால் நாலு பேர் வேண்டும். கொங்கு நாட்டு வீடுகளில் வாசலில் படி இல்லாத வீடு எங்கே?

கைநாற்காலி இலகுவாக இருக்கும், தோளைத் தின்னும். மின்நாற்காலி தோளைக் காக்கும், வீட்டை விட்டு இறங்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிறந்தது. நாற்காலி கைநாற்காலியாகவே இருக்கட்டும். வேண்டும்போது மட்டும் மோட்டார் வந்து ஒட்டிக்கொள்ளட்டும். இதில் மூன்று வகை உண்டு. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார் இருப்பது ஒன்று. கை தள்ளுகிற வேகத்தை உணர்ந்து அதற்கு மேல் பலம் சேர்க்கும். ஜப்பானின் யமஹா இந்த வழியில் 1990களிலேயே இறங்கியது. நாற்காலிக்குப் பின்னால் சின்னச் சக்கரம் ஒன்று ஒட்டிக்கொண்டு உந்தித் தள்ளுவது இரண்டாவது. மூன்றாவது, முன்னால் மாட்டுவது: கைப்பிடி, பிரேக், பேட்டரி, மோட்டார், பெரிய சக்கரம் எல்லாம் சேர்ந்த தனி அலகு. மாட்டியதும் நாற்காலியின் சின்ன முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும்.

எங்கள் மண்ணுக்குப் பொருந்துவது மூன்றாவதுதான். செம்மண்ணில் புதைந்தது எப்போதும் அந்தச் சின்னச் சக்கரம். அதைத் தரையிலிருந்து தூக்கிவிட்டுப் பெரிய சக்கரத்தை முன்னால் வைத்தால் கல்லும் குழியும் பாதியாகக் குறைந்துவிடும்.

அதைச் சென்னையில் செய்தார்கள். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் 2019இல் எழுந்து நிற்கவைக்கும் நாற்காலியான 'அரைஸ்' கொண்டுவந்தது. அங்கே வளர்ந்த நியோமோஷன் நிறுவனம் 2021 ஆகஸ்டில் இரண்டு பொருள்களை அறிமுகம் செய்தது. ஒன்று நியோஃப்ளை, ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்யும் கைநாற்காலி. மற்றது நியோபோல்ட், அதன் முன்னால் மாட்டும் மோட்டார். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம். ஒரு தடவை சார்ஜ் செய்தால் 25 கிலோமீட்டர் வரை தூரம். அறிமுக விலை நாற்காலிக்கு 39,900 ரூபாய், மோட்டாருக்கு 55,000 ரூபாய்.

நாங்கள் சீட்டு எடுத்தோம். 2022இல் இரண்டும் வீட்டுக்கு வந்தன.

நாற்காலிக்கு என் இடுப்பகலம், தொடை நீளம், முதுகின் உயரம் எல்லாம் அளந்தார்கள். அத்தனை வருஷத்தில் ஒரு நாற்காலிக்காக என் உடம்பை அளந்தது அதுவே முதல் தடவை. உட்கார்ந்ததும் சக்கரம் கைக்குத் தானாக வந்தது. தோளை அகட்ட வேண்டியிருக்கவில்லை. மோட்டாரை மாட்டியதும் முன்பக்கம் மெல்ல எழும்பியது. ஆக்சிலேட்டரைத் திருகினேன். தெருமுனை வந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை.

அந்த வாரம் ஒரு மாலை வாசலில் மோட்டாரை மாட்டிக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளேயிருந்து வந்தார். "ஏனுங்க, எங்க போறீங்க?" என்று கேட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், நாற்காலியில் கிளம்பும்போது அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை. நாற்காலியில் தூரம் போனால் அவரும் கூட இருப்பார். "சும்மா, அப்பிடியே ஒரு சுத்துப் போயிட்டு வர்றேன்" என்றேன். சும்மா போவது என்பது எனக்கு அதுவரை இல்லாதிருந்த உரிமை. இன்னொருவர் கையால் போகிறவன் காரணம் சொல்லித்தான் போக முடியும்.

இப்போது விடிகாலையில் வடவள்ளி உழவர் சந்தைக்கு நானே போகிறேன். "வாங்கண்ணா, இப்பத்தான் பறிச்சது" என்று கத்திரிக்காய்க்காரம்மா கூப்பிடுகிறார். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததைச் சாப்பிட்டேன். இப்போது காம்பைப் பார்க்கிறேன், பூச்சியைப் பார்க்கிறேன், பேரம் பேசுகிறேன். மடியில் பையோடு திரும்புகிறேன். அந்த நேரத்தில் மனைவி நடைப்பயிற்சிக்குப் போகிறார். என் நாற்காலியிலிருந்து விடுதலை எனக்கு மட்டும் கிடைத்ததல்ல. அவருடைய காலை நேரமும் அவருக்கே திரும்பி வந்தது. குடும்பத்தில் ஒருவர் நாற்காலியில் இருந்தால் இன்னொருவர் அதன் கைப்பிடியில் கட்டுண்டு கிடக்கிறார் என்பதை மோட்டாரின் விலை பேசும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கொஞ்சம் துணிச்சல் வந்ததும் மருதமலைச் சாலையில் கிழக்கே திரும்பி, வேளாண் பல்கலைக்கழகத்தின் மர நிழலில் போய், லாலி ரோடு தாண்டி ஆர்.எஸ்.புரம் வரை போனேன். காற்று முகத்தில் அடித்தது. நாற்காலியில் இருந்தபடி, தள்ளுகிறவருடைய மூச்சோ என் மூச்சோ இரைக்காமல் ஒரு சாலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். டி.பி. ரோட்டில் துணிக்கடை வாசலில் மோட்டாரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, கைநாற்காலியாகவே உள்ளே போனேன். ஸ்கூட்டரில் கிடைக்காதது இதுதான். போய்ச் சேர்கிற இடத்தில் என் நாற்காலியும் என்னோடு இருந்தது. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கினேன்.

மாட்டி ஓட்டப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் போய்விடும். முன்சக்கரம் ஜல்லியிலும் ஈரத்திலும் சுழன்று நிற்கும். உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்ள வேண்டும். வளைவில் வேகம் கூடாது. மூன்று சக்கரத்தில் நிற்கிற வண்டி சாயும். வேகத்தடையை நேராக, மெதுவாக ஏற வேண்டும். கால்களைப் பட்டையால் கட்டிக்கொள்ள வேண்டும்; பாதம் நழுவித் தரையில் உரசினாலும் நமக்குத் தெரியாது. இருக்கைக்கு நல்ல காற்றுமெத்தை வேண்டும். தூரம் போகிற ஆசையில் எழும்பி உட்கார மறந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். மழை நின்ற சாலையில் குழியின் ஆழம் தெரியாது; அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

மோட்டாரால் முடியாததும் உண்டு. அது தூரத்தைக் கடக்கும், மேட்டைக் கடக்கும். ஒரு படியைக் கடக்காது. ஆறங்குலம் உயரமுள்ள ஒற்றைப் படி போதும், 25 கிலோமீட்டர் ஓடுகிற பேட்டரியை நிறுத்திவிட. அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு பெயரில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். கார்களுக்கு அது பெரிய நிம்மதி. கீழே அதே சாலையை நாற்காலியில் குறுக்காகக் கடக்க வேண்டிய ஒருவருக்கும் அதே அக்கறை வேண்டும். ரேஸ்கோர்ஸிலும் குளக்கரைகளிலும் நல்ல நடைபாதைகள் வந்திருக்கின்றன. அங்கே போகும்போது மனம் நிறைகிறது. நகரத்தில் வேறு சில இடங்களில் இருசக்கர வண்டி ஏறாமலிருக்க நட்ட கம்பங்கள் நாற்காலியையும் ஏறவிடாமல் நிற்கின்றன. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு நாற்காலி நுழைகிற இடைவெளி விடுவதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

என் பயணத்தின் தூரத்தை உண்மையில் முடிவு செய்வது பேட்டரி அல்ல, கழிப்பறை. குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டியவனுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு சுத்தமான இடம், நாற்காலி நுழைகிற கதவு, உள்ளே திரும்ப இடம் வேண்டும். அது இல்லாத திசையில் நான் போவதில்லை. கோவையில் 2014இல் தொடங்கிய ஸ்வர்கா ஃபவுண்டேஷன் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. தானே நாற்காலியில் வாழும் சொர்ணலதா அதன் நிறுவனர். நாற்காலியோடு ஏறிக்கொள்ளும் வசதியும் உள்ளேயே கழிப்பறையும் வைத்து அவர்கள் 'சாரதி' என்ற வண்டியை ஓடவிட்டார்கள். தேவையை அனுபவிப்பவர் திட்டம் போட்டால் கழிப்பறை முதலில் வரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையெல்லாம் உரிமை என்றே சொல்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒரு படி மேலே போயிற்று. அணுகுவசதிக்கான அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அது எங்கள் வீதியின் நடைபாதைக்கு வந்து சேர வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். தமிழக அரசு எங்களுக்கு மாதந்தோறும் தரும் பராமரிப்பு உதவி சில ஆண்டுகளுக்கு முன் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தத் தொகையில் ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேர்த்தால் மோட்டாரின் அறிமுக விலையை எட்ட 28 மாதம் ஆகும். சாப்பிட்டுக்கொண்டே சேர்க்க முடியாது. கடை இருந்ததால், சீட்டுக் கட்ட முடிந்ததால் நான் வாங்கினேன். தோட்டத்துச் சாளையில் கட்டிலோடு கிடக்கும் பையனுக்கு அந்த வழி இல்லை. ஸ்கூட்டரையும் மின்நாற்காலியையும் கொடுக்கிற அரசு, அளவெடுத்த கைநாற்காலியும் இணைப்பு மோட்டாரும் வேண்டுமென்று கேட்பவருக்கு அதையும் கொடுக்க வேண்டும். எது பொருந்தும் என்பதை உட்காருகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொடுத்த பிறகு பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். ஒரு ஒயர் அறுந்தால் சென்னைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால், அந்த வாரங்களில் நாங்கள் மறுபடியும் யாரையாவது கேட்டு நிற்போம். இங்கேதான் என் ஊரின் மேல் எனக்கு நம்பிக்கை. எரிந்த மோட்டாரைச் சாயங்காலத்துக்குள் ஓடவைக்கிற கைகள் கணபதியில் இருக்கின்றன. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஆம்பியர் நிறுவனம் 2008இல் இங்கே பிறந்ததுதான். பிரஷ் இல்லாத மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் இந்த ஊருக்குப் புரியாத சங்கதிகள் அல்ல. மாவட்டத்துக்கு நாலு பட்டறைக்காரர்களுக்குப் பயிற்சியும் உதிரிப்பாகமும் கொடுத்தால் போதும்.

"கைதான் நல்லா இருக்குதே, மோட்டாரு எதுக்குங்க?" என்று இன்றும் கேட்கிறார்கள். அன்போடு கேட்கிறார்கள் என்று தெரியும். அடிபட்டுப் புதிதாக நாற்காலிக்கு வரும் பையனிடமும் அவனுடைய அய்யனிடமும் இதையே கேட்பார்கள். கை தேயட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். அந்தப் பையனுக்கு என் பதில் இது. வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் கையால் தள்ளு. அது உடம்புக்கு நல்லது. தூரத்துக்கும் மேட்டுக்கும் மோட்டாரை மாட்டு. தேய்ந்த தோளை எந்த மோட்டாரும் புதிதாக்கித் தராது. என் வலது தோள் இன்றும் பழைய உயரத்துக்கு எழும்பவில்லை. மேலும் கெடாமல் நிற்கிறது, அவ்வளவுதான். உன்னுடைய இரண்டு தோளும் இன்னும் ஐம்பது வருஷம் உன்னைக் கட்டிலிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். ஆகவே நாற்காலிக்கு அளவெடுக்கும் அன்றைக்கே மோட்டாரைப் பற்றியும் கேள்.